மெதுவா வெளங்குற வகுப்பு

உக்குவளை ஸ்டேஷனில் காலை ரயில் நின்றும் நிற்காததுமாகக் குதித்து இறங்குகிற பெண் யார் என்று கேட்டால், பேக்கரி வாசலில் பாண் கியூவில் நிற்கிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், லூசியா டீச்சர் என்று. முப்பது தாண்டியாயிற்று, கலியாணம் இல்லை. வீடு மாத்தளையில். கிழமை நாட்களில் உக்குவளையில் படிப்பிப்பு, சனி ஞாயிறானால் கண்டிக்கும் அப்பால் பல்கலைக்கழகம். முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். படிப்பும் என்ன படிப்பு? விசேட கல்வி. எழுத்து ஏறாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்ந்து எழுதுகிற படிப்பு.

"படிக்கிற புள்ளைகளுக்கே மா இல்ல, பாண் இல்ல, கொப்பி இல்ல. இவ மக்குப் புள்ளைகளுக்கு வகுப்பு தொறக்கப் போறாளாம்!" என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. சிரிக்கிறவர்கள் ஒருத்தர் வீட்டிலும் நோபர்ட் இல்லை.

நோபர்ட் லூசியாவின் தம்பி. அவனுக்கு எழுத்து ஏறவில்லை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அதற்கு மாஸ்டர்மார் அவனை வாங்குக்கு மேல் ஏற்றி நிறுத்தினார்கள், காதைத் திருகினார்கள், ஒருநாள் கழுத்தில் சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டு வகுப்பு வகுப்பாக ஊர்வலம் விட்டார்கள். நாசமாய்ப் போனவர்கள்! அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த பிள்ளைதான், பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு மீசை முளைத்த ஆம்பிளை, விறகு கொத்துவான், பலாக்காய் வெட்டிக் கொடுப்பான். பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டால் மட்டும் கத்தியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வான். அடியில்லாத ஒரு வகுப்பு, பொறுமையான ஒரு டீச்சர். லூசியா கேட்டது அதைத்தான்.

கல்வி அதிகாரிகள் இருக்கிற கந்தோர் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடுமா? ஆதாரம் காட்டு என்றது. இத்தனை பிள்ளை இருந்தால்தான் வகுப்பு என்றது. வழிநடத்துகிற பேராசிரியர் இங்கிலீஷில் இருந்த ஒரு புத்திப் பரீட்சையைக் கையில் கொடுத்தார். லூசியா ராப்பகலாக உட்கார்ந்து அதைத் தமிழாக்கினாள். படச் சீட்டுகள், மரக்கட்டைகள், வாய்க் கேள்விகள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறையில் கதவைச் சாத்திச் சோதிக்க வேண்டும். தொடங்கினால் முடியும்வரை பிள்ளை வெளியே போகக்கூடாது. அது பரீட்சையின் சட்டம்.

பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசி முஸ்லிம் பிள்ளைகள். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. பட்டினி கிடக்கிற பிள்ளைகளைச் சோதிக்கவும் கூடாது. அதனால் நோன்பு வருவதற்குக் கொஞ்சம் முந்தியே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று லூசியா கணக்காகத் திட்டம் போட்டாள். தன் கெட்டித்தனத்தில் அவளுக்கே ஒரு பெருமை.

றாபியாவின் முறை கடைசி நாள் பின்னேரம் வந்தது. மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம்தான் கலேவெலயிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. வாப்பா பலீல் சந்தையில் மரக்கறி விற்கிறார். பிள்ளை கடைசி வாங்கில் இருக்கும், இருக்கிற இடம் தெரியாது. பிள்ளைகள் நிறைந்து வழிகிற வகுப்பில் மாஸ்டருக்கு அதன் பெயர்கூட வாயில் வராது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வந்தது, உட்கார்ந்தது, இரண்டு கன்னமும் உப்பியிருக்க லூசியாவைப் பார்த்தது.

"பேர் என்ன மகள்?"

சத்தமில்லை.

பசுமாட்டுப் படத்தை நீட்டினாள். "இது என்ன?"

பார்த்தது. பேசவில்லை.

"வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று லூசியா பகிடியாகக் கேட்டாள். பிள்ளை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து கதவுப் பக்கம் ஓடப் பார்த்தது. லூசியா தோளைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள், அன்பாகத்தான். அதற்குப் பிறகு பிள்ளை மரக்கட்டையைக்கூடத் தொடவில்லை. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் நிறைந்து, அப்படியே இருந்தது. கதவைத் திறந்ததும் அம்பு மாதிரி வெளியே பாய்ந்து ஓடியது.

எல்லாக் கட்டத்திலும் சைபர். மந்தபுத்தி என்று லூசியா எழுதினாள். கந்தோர் கேட்ட தொகைக்கு அதுவரை ஒரு பிள்ளை குறைந்துகொண்டிருந்தது. றாபியாவோடு அது நிறைந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் ஸக்கரியா மாஸ்டர் கடதாசியைப் பார்த்து, "அந்தப் புள்ளையா? அப்படித் தெரியலியே. சரி, நீங்க படிச்சவங்க, சொன்னா சரிதான்" என்றார். லூசியா அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். கடவுளே, அதையும் செய்தாள்.

வகுப்பு கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒரு கொட்டிலைத் திருத்தி, சுண்ணாம்படித்து, படிப்பிக்க டொறீன் என்ற இளம் டீச்சரை அனுப்பினார்கள். தங்கமான பெண். அடி கிடையாது, ஏச்சு கிடையாது. ஒரு பிள்ளை தெரியா என்று சொன்னால், "பரவாயில்ல மகள், நமக்கு மெதுவா வெளங்கும்" என்று தலையைத் தடவிக் கொடுப்பாள். மற்றப் பிள்ளைகள் அந்தக் கொட்டிலை மக்கு வகுப்பு என்றார்கள். டொறீன் விடவில்லை, மெதுவா வெளங்குற வகுப்பு என்று சொல்ல வேண்டும் என்றாள். மஹ்ரூப் என்றொரு பையன், ஒரு இடத்தில் இருக்கமாட்டான், வாயில் எச்சில் ஒழுகும். அவன் அங்கே வந்துதான் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடப் பழகினான். அன்றைக்கு அவன் உம்மா ஓடி வந்து லூசியாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லூசியாவுக்கு அந்த வருஷம் முழுக்கக் கால் தரையில் படவில்லை.

ஆராய்ச்சி தட்டெழுத்தாகி, புத்தகமாகக் கட்டப் போகிற நேரம். கடைசியாக ஒருதரம் வகுப்பைப் பார்த்து நாலு வரி எழுதலாம் என்று லூசியா டொறீனின் கொட்டிலுக்குப் போனாள். றாபியா ஜன்னலோரம். மூச்சுக்கு மூச்சு வெளியே எட்டித் துப்பிக்கொண்டிருந்தது.

"சீ, அசிங்கம் மகள்" என்றாள் டொறீன்.

"நோம்பு டீச்சர்" என்றது றாபியா. "எச்சி முழுங்கினா நோம்பு போயிரும்."

லூசியா சிரித்தாள். "நோம்புக்கு இன்னும் நாளிருக்கே, அதுக்குள்ள எங்கேருந்து வந்துச்சு?"

"இது பராத்து நோம்பு டீச்சர். நோம்பு மாசம் வர முந்தி ஒரு நாளைக்கு வரும். எல்லாரும் புடிக்கமாட்டாங்க. நான் புடிச்சேன்." பிள்ளை துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னது: "போன வருஷமும் புடிச்சேன். அதான் மொத நோம்பு. நீங்க படம் காட்டிக் கேள்வி கேட்டீங்களே, அன்னைக்கு. வாய் நெறைய வச்சிக்கிட்டே இருந்தேன். நீங்க வெளிய விடல. ஒரு சொட்டு முழுங்கல டீச்சர்!"

லூசியா எழுதத் திறந்த கொப்பியை மூடினாள். மாத்தளையில் பக்கத்து வீட்டு மஸீனா ராத்தா வருஷா வருஷம் பராத் இரவுக்கு ரொட்டி சுட்டு, வாழைப்பழத்தோடு அனுப்புவாள். போன வருஷம் மா கிடைக்காத பஞ்சத்திலும் குரக்கன் ரொட்டி வந்தது. அந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டுதான் லூசியா மறுநாள் பரீட்சைக்குப் படச் சீட்டுகளை அடுக்கினாள். முஸ்லிம்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். ரமழானுக்கு விலகி நடந்தவள், பராத்துக்கு மறுநாள் பகலில் நோன்பு பிடிப்பார்கள் என்பதை ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. ரொட்டி வரும், தின்போம், முடிந்தது. எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது என்று ஒரு சொல் சொல்லக்கூடிய பெரியவர்கள் யாரும் அந்த அறைக்குள் இல்லை.

"அப்பவே ஏன் மகள் சொல்லல?"

"வாயத் தொறந்தா ஊத்துப்பட்டிருமே."

"அதுக்குப் பொறகு? இவ்வளவு காலமா?"

"நீங்க கேக்கல டீச்சர்."

லூசியா அன்றைக்கு நாலு வரியும் எழுதவில்லை. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரும்பச் சோதித்தால் பிள்ளை பட்பட்டென்று பதில் சொல்லும், புள்ளி ஏறும், சத்தமில்லாமல் பழைய வகுப்புக்கு அனுப்பிவிடலாம். இரண்டு நாள் கழித்து, நோன்பும் இல்லை கீன்பும் இல்லை என்று ஸக்கரியா மாஸ்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, றாபியாவை அதே அறைக்குக் கூட்டி வந்தாள். கதவை விரியத் திறந்து வைத்தாள். தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். பிள்ளை சிரித்துச் சிரித்துத் தின்றது.

"இது என்ன?"

"மாடு."

லூசியாவுக்கு உயிர் வந்தது. "மாடு நமக்கு என்ன தரும்?"

"தெரியா" என்றது றாபியா. சொல்லிவிட்டுத் தலையை முன்னால் குனிந்து நீட்டியது.

ஏன் குனிகிறது என்று லூசியாவுக்கு முதலில் பிடிபடவில்லை. அடுத்த சீட்டை எடுத்தாள். குடை பிடித்த மனிதன். எதற்குக் குடை பிடிக்கிறான்? "தெரியா." திரும்பவும் தலை குனிந்தது. கட்டைகளை இந்தப் படம் மாதிரி அடுக்கு என்றாள். பிள்ளை கட்டையைப் பார்க்கவே இல்லை. "தெரியா." குனிவு. அப்போதுதான் உறைத்தது. பிள்ளை தலையைத் தடவக் காத்திருக்கிறது. தெரியா என்று சொன்னால் தடவுவார்கள். ஒரு வருஷமாக அந்தக் கொட்டிலில் படித்த பாடம் அதுதான்.

"யோசிச்சுச் சொல்லு மகள். ஒனக்குத் தெரியும்."

"இல்ல டீச்சர்." றாபியா பெரிய மனுஷி மாதிரிப் பொறுமையாக விளக்கியது. "எங்களுக்கு மெதுவாத்தான் வெளங்கும்."

கூட்டிப் பதிவுக் கொப்பியில் எழுதினால், புள்ளி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது.

அந்தச் சனிக்கிழமை பேராசிரியரின் அறையில் லூசியா ஒன்றுவிடாமல் சொன்னாள். பராத், எச்சில், சாத்திய கதவு, எல்லாம். மனிதர் கெட்டவர் இல்லை. கேட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தரப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது.

"மிஸ் லூசியா, இது நமக்கு நல்லதாப் போச்சு! ஒரு வருஷம் கழிச்சும் அதே புள்ளி. உங்க தமிழ்ப் பரீட்சை நம்பத்தக்கதுங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இத ஒரு பக்கமா எழுதிச் சேருங்க."

"சேர், மொதல் தரம் அந்தப் பிள்ளை வாயில எச்சில வச்சிட்டு இருந்துச்சு."

"சரி, வச்சிட்டு இருந்துச்சு. ரெண்டாந்தரம் வாய் காலிதானே? அப்ப ஏன் பேசல?"

"ரெண்டாந்தரம் அந்த வாய அடைச்சது நான், சேர்."

பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு, மகளுக்குச் சொல்வது மாதிரித்தான் சொன்னார். "அப்படி எழுதினா என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? அன்னைக்குச் சோதிச்ச ஒவ்வொரு பிள்ளையும் சந்தேகம். உங்க ஆராய்ச்சி நிக்காது. மொதல்ல இருந்து தொடங்கணும். கந்தோருக்கு ஒரு சாட்டு போதும், அடுத்த நாளே வகுப்ப மூடிருவான். மத்தப் பிள்ளைகள் எங்க போகும்? ஒரு பிள்ளைக்காகவா?"

திரும்பி வருகிற ரயிலில் லூசியாவால் உட்கார முடியவில்லை, வாசலில் நின்றபடியே வந்தாள். மஹ்ரூப்பின் பொத்தான் நினைவுக்கு வந்தது. காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற நோபர்ட் நினைவுக்கு வந்தான். பட்டமும் வேண்டும், வகுப்பும் வேண்டும், றாபியாவும் வெளியே வர வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்க ஒரு குறுக்கு வழி இல்லாமலா போகும்? திங்கட்கிழமை காலையிலேயே ஸக்கரியா மாஸ்டரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், அந்த றாபியாவ பழைய வகுப்புலயே விட்ருங்களேன். சும்மா, யாருக்கும் சொல்லாம."

ஸக்கரியா மாஸ்டர் சிரித்தேவிட்டார். "என்ன டீச்சர் வெளையாடுறீங்க? கந்தோரு கையெழுத்து வச்சு ஏத்தின பேரு. நீங்களே ரெண்டு தரம் சோதிச்சு, ரெண்டு தரமும் மந்தம்னு எழுதி வச்சிருக்கீங்க. நான் எறக்கினா, ஏன் எறக்கினன்னு என் கழுத்தப் புடிப்பாங்க. பரீட்சை பிழைன்னு நீங்க எழுத்துல தாங்க. இப்பவே எறக்கிர்றேன்."

ஆக, குறுக்கு வழி இல்லை. எழுத்தில் கொடுத்தால் கந்தோருக்குப் போகும், கந்தோருக்குப் போனால் பல்கலைக்கழகத்துக்கும் போகும். ஒரு கிழமை லூசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே, டொறீன் அடிக்கவா போகிறாள், பட்டம் கையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றும் யோசித்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தாள். ஆனால் கொட்டில் பக்கம் போகிற போதெல்லாம் அந்தப் பிள்ளையின் சத்தம் கேட்டது. "தெரியா டீச்சர்." சந்தோஷமாகச் சொல்கிற சத்தம். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

நடப்பதெல்லாம் நடந்தது. பேராசிரியர் ஆராய்ச்சியைக் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். பட்டம் போயிற்று, இன்னொரு தரம் தொடங்கத் தவணையும் கிடையாது. வகுப்பைப் பற்றி விசாரிக்க ஒரு உத்தியோகத்தர் வருவாராம், மூடுவதா வைப்பதா என்று அவர்தான் சொல்வாராம். டொறீன் லூசியாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மஹ்ரூப்பின் உம்மா வழியில் கண்டும் காணாத மாதிரிப் போனாள். கோயிலில் சிரித்த பெண்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. நோன்பு லீவு முடிந்து, றாபியாவை விடுவிக்கிற கடதாசி மட்டும் வந்து சேர்ந்தது. இவ்வளவும் போனாலும் இது ஒன்றாவது உருப்பட்டதே என்று லூசியா அதை எடுத்துக்கொண்டு பின்னேரமே றாபியாவின் வீட்டுக்குப் போனாள்.

றாபியாவின் உம்மா நாச்சியா முற்றத்தில் சாக்கு விரித்து, சந்தைக்கு அனுப்ப போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து போட்டாள். றாபியா உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முற்றின காய்களை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

லூசியா கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தான் செய்த பிழை என்றாள். அன்றைக்குப் பிள்ளைக்கு நோன்பு, அதுதான் பேசவில்லை என்றாள். உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, மற்றப் பிள்ளைகள் மாதிரித்தான், நாளையிலிருந்து பழைய வகுப்பு என்றாள். சொல்லி முடித்ததும், அந்தத் தாய் அல்லாஹ்வே என்று சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அதை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நாச்சியா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"மந்தம் இல்லியா?"

"இல்ல, நாச்சியா. நான்தான் பிழையாச் சொல்லிட்டேன்."

"டீச்சர், இவ கலேவெலயில குர்ஆன் ஓதிட்டு இருந்தவ. மூணாவது ஜுஸ்உ, அதான் மூணாம் பாகம் வரைக்கும். இங்க வந்தும் ஓதினா. ஓதிக் குடுக்கிற லெப்பை அவ்வளவு மெச்சுவாரு." நாச்சியாவின் குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது. "நீங்க மந்தம்னு சொன்ன கிழமை நான்தான் லெப்பைகிட்டப் போயிச் சொன்னேன். எம் புள்ளைக்கு மூளை காணாதாம், டீச்சர் சோதிச்சுப் பாத்துட்டாங்க, இனிமே ஓதச் சொல்லி வருத்தாதீங்கன்னு. அன்னைக்கோட நிப்பாட்டினேன். கடைக்கு அனுப்புறதில்ல, மிச்சக் காசு எண்ணத் தெரியாதுன்னு. அடுப்புக்கிட்ட விடுறதில்ல. வாற போறவங்க கிட்டயெல்லாம் அவ முன்னாலேயே சொன்னேன், பாவம் இது ஒரு மாதிரின்னு. ராவுல பக்கத்துல போட்டுக்கிட்டு, அழாத மகள், அல்லாஹ் ஒன்ன இப்படித்தான் படைச்சான், நீ மக்கா இருந்தாலும் உம்மாவுக்கு நீ தங்கம்னு சொல்லிச் சொல்லித் தூங்க வச்சேனே டீச்சர். நான் பெத்த புள்ளைக்கு நானே!"

அதற்கு மேல் மரியாதை நிற்கவில்லை. நாச்சியா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். போஞ்சிக்காய் சாக்கெல்லாம் சிதறியது. லூசியா குனிந்து கையைப் பிடிக்கப் போனாள். நாச்சியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். லூசியாவும் அழுதாள். அவள் அழுகையை அங்கே யாரும் கணக்கெடுக்கவில்லை.

றாபியா பயந்துபோய் எழுந்து நின்றது. உம்மாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. பிறகு உம்மாவின் மடியில் ஏறி, முக்காட்டு நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, காதோரம் வாயை வைத்து, ரகசியம் என்று நினைத்துச் சத்தமாகவே சொன்னது:

"அழாதீங்க உம்மா. டீச்சர்மாரும் சில நேரம் பிழையாச் சொல்லுவாங்க. நான் மக்குதான்."